நடுமூட்டில் உடையும் சிறகுகள்

விளையாட்டு விமானம் திருத்துகிறவனிடம் விமானம் ஒருபோதும் முழுதாக வருவதில்லை. இரண்டு துண்டாக வரும், கூடவே ஒரு சாட்டும் வரும்.

தோழர்களே, நீங்கள் வானொலி திருத்துபவராக இருக்கலாம், தண்ணீர்ப் பம்பி திருத்துபவராக இருக்கலாம். இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். வேலணைத் தீவில், யாழ்ப்பாணம் போகும் பஸ் ஓடும் தெருக்கரையில் என் கடை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் துண்டுப்பிரசுரங்களில் படித்தது. எங்கள் சங்கக் கூட்டங்களில் ஒலிபெருக்கி நல்ல கட்டத்தில்தான் பழுதாகும். அதைத் திருத்தப்போய்த்தான் இந்தக் கைவேலை பழகினேன். சங்கம் கலைந்துவிட்டது. சங்கத்தில் பெரிய பேச்சுப் பேசியவர்கள் இப்போது நல்ல வீடுகளில் இருக்கிறார்கள். எனக்குக் கைவேலை மிஞ்சியது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் றிமோட்டில் பறக்கும் விமானங்களைப் பெட்டியோடு கொண்டுவருகிறார்கள். எல்லாம் பொருத்திப் பூட்டியே வரும். இரண்டு சிறகுகளையும் ஒரு குழாயில் செருகினால் போதும் என்று பெட்டியில் படம் போட்டிருக்கும். விமானம் பறக்கும். பிறகு அந்த நடுமூட்டில் உடையும். இந்த வருடம் அப்படியொரு சிறகைத்தான் கோயில் தேருக்கு மேலே, வடம் பிடிக்கும் சனத்தின் தலைக்கு மேலே, பறக்கவிட இருந்தார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மூட்டை எனக்கு எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்லாவிட்டால் நீங்களும் நம்பமாட்டீர்கள்.

காற்றின் மேல் பழி

முதலில் வந்தவர் சுருவிலைச் சேர்ந்த ஒரு வாத்தியார். மச்சான் கனடாவிலிருந்து கொண்டுவந்த விமானம். மேலே ஏறி முதல் முறை திரும்பும்போதே இரண்டு சிறகும் கைகூப்பியதுபோல மேல்நோக்கி மடங்கிவிட்டதாம். சோளகக் காற்று தூக்கி அடித்துவிட்டது என்றார்.

நான் சிறகைக் கத்தியால் பிளந்து காட்டினேன். உள்ளே குழாய் நாலு விரற்கடைதான் போயிருந்தது. அதற்கப்பால் வெறும் நுரை. பசை இருக்கவேண்டிய இடத்தில் காகம் எச்சமிட்ட அளவுக்கு ஒரு பொட்டு. திரும்பும்போது விமானத்தின் பாரம் பல மடங்காகச் சிறகில் ஏறும், அந்தப் பாரமெல்லாம் இந்த நாலு விரலில்தான் தொங்குகிறது என்று பேப்பரில் கீறி விளங்கப்படுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் சொல்லுறது சரியாயிருக்கலாம். ஆனா இது கனடாச் சாமான். காத்திலைதான் பிழை இருக்கோணும்."

படகுப் பசை

அடுத்த சிறகு ஊர்காவற்றுறையிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் பைபர் படகு ஒட்டுவதில் பேர்போன மனிதர். படகில் எந்த ஓட்டையையும் அடைப்பவர், ஒரு விளையாட்டுச் சிறகுக்காக என்னிடம் வருவதா என்று முதலில் தானே ஒட்டியிருக்கிறார். படகுக்குப் பூசும் பசையை அவர் தாராளமாக ஊற்ற, நுரை வெயிலில் வைத்த வெண்ணெய்போல உருகி, சிறகின் நடுவில் கை நுழையும் அளவு பொந்து விழுந்திருந்தது.

அந்தப் பசை இந்த நுரையைத் தின்னும், இதற்கு வேறு பசை இருக்கிறது என்று சொன்னேன். அவர் பொந்துக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். "இந்தப் பசை பூசின படகு ஒவ்வொரு நாளும் நெடுந்தீவு போய் வருது. அண்ணை, கொழுப்பு இந்தச் சிறகுக்குத்தான்."

விண்

மடத்துவெளியில் பட்டம் கட்டுவதில் ஒரு விண்ணன் இருக்கிறான். அவன் கட்டும் கொக்குப் பட்டத்தின் விண் கூவினால் அடுத்த தீவுக்கும் கேட்கும் என்பார்கள். விண் என்றால், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பட்டத்தின் தலைப்பில் கட்டும் வில். அதன் நாண் காற்றில் அதிர்ந்து பாடும். இவனுக்கு அக்கா பிரான்சிலிருந்து ஒரு விமானம் கொண்டுவந்து கொடுத்தா. மோட்டர் ஓடும் சத்தம் நுளம்பு காதில் ரீங்கரிப்பதுபோல இருந்தது இவனுக்குப் பிடிக்கவில்லை. சிறகுக்குக் குறுக்கே ஒரு விண்ணைப் பூட்டிவிட்டான்.

பட்டம் நூலில் நிற்கிறது, அதிர்வை நூல் வாங்கிக்கொள்ளும். விமானத்துக்கு நூல் ஏது? அதிர்வு முழுவதும் நடுமூட்டுக்குப் போனது. ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த அந்தப் பொட்டுப் பசை அரைச் சுற்றில் விட்டுவிட்டது. சிறகு தனியாகவும் உடல் தனியாகவும் கடலில் விழுந்ததாம். இரண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்து சொல்லும்போது அவன் முகத்தில் கவலை ஒன்றும் தெரியவில்லை. "ஆனா கூவினது அண்ணை. விழுமட்டும் கூவினது."

கம்பனிக்கு ஒரு கடிதம்

எத்தனை கம்பனிப் பெட்டிகள் வந்தாலும் மூட்டு ஒன்றுதான். ஆகவே அவற்றில் ஒரு கம்பனிக்குக் கடிதம் எழுதினேன். எனக்குத் தெரிந்த விதமாகத்தான் எழுதினேன்: ஏழு கோரிக்கைகள், இலக்கமிட்டு. முதலாவது, மூட்டுக் குழாய் சிறகின் பாதித் தூரமாவது போகவேண்டும். ஏழாவது, பசையை மிச்சம்பிடித்து உலக மக்களைச் சுரண்டுவதை உடனே நிறுத்தவேண்டும்.

பக்கத்துக் கடையில் தங்கச்சி ஒருத்தி போட்டோப்பிரதி எடுக்கிறா, ஈமெயில் அடித்துக்கொடுக்கிறா. அவவிடம் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பச் சொன்னேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. வருந்துகிறார்களாம், புதிய சிறகு ஒரு சோடி அனுப்புகிறார்களாம். வாழ்நாளில் நான் எழுதிய கோரிக்கைக்கு ஒருவர் பணிந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் நிமிர்ந்து நின்று, என் கடிதத்தில் எந்த இடம் அவர்களை அசைத்திருக்கும் என்று தங்கச்சியிடம் கேட்டேன். அவ தலையை நிமிர்த்தவில்லை. "நீங்கள் சுரண்டல் எண்டு எழுதின இடமெல்லாம் நான் பசை போதாது எண்டு மாத்திப்போட்டன் அண்ணை."

வந்த புதிய சோடியையும் பிளந்து பார்த்தேன். நாலு விரல்.

தேருக்குப் பூ

இப்போது தேர்க் கதை. திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோயில் தலைவர் கடைக்கு வந்தார். பாதி வருடம் சுவிசிலும் பாதி வருடம் இங்கேயும் இருப்பவர். அவருடைய மருமகன் பெரிய விமானம் ஒன்று கொண்டுவந்திருக்கிறார், வயிற்றில் கதவு வைத்தது. தேர் தான் நிற்கும் இருப்பை விட்டு வெளிக்கிட, மேலே பறந்து கதவைத் திறந்து பூச் சொரியப்போகிறதாம். நோட்டீசும் அடித்தாயிற்று. சிறகை ஒருக்கால் பார்த்து, சரி என்று ஒரு சொல் சொல்லவேண்டும்.

அந்தத் தலைவரும் நானும் ஒரே வயது. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு நன்னீர்க் கிணறு இருக்கிறது. உப்புத் தண்ணீர்த் தீவில் அது என்ன பெறுமதி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதில் எல்லாச் சாதியாரும் அள்ளவேண்டும் என்று துண்டுப்பிரசுரம் அடித்து, தெற்கு வீதியில் நின்று அடிவாங்கியவன் நான். எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களில் அவரும் ஒருவர். அன்றைக்கு அவர் என்னை 'நீ' என்றார். இன்றைக்கு 'நீர்' என்கிறார். அந்த 'நீர்' எனக்குச் சும்மா கிடைத்ததல்ல. இன்று அந்தக் கிணற்றில் யாரும் அள்ளலாம். ஆனால் போத்தல் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்கள்.

மூட்டைப் பார்த்தேன். அதே நாலு விரல். ஏலாது என்று சொன்னால் பழைய கோபத்தில் சொல்கிறான் என்று ஊரே சொல்லும். சரி என்று சொன்னால் கூட்டத்தின் நடுவில், மோட்டர் சுழலச் சுழல ஒரு விமானம் விழலாம். ஒளிக்காமல் சொல்கிறேன், அன்று பின்னேரம் முழுக்க அது உடையட்டும் என்றுதான் விரும்பினேன். அவர் ஊர் முன்னால் தலைகுனிந்து நிற்பதை நினைத்து ருசித்தேன். பிறகுதான், கீழே நிற்கப்போவது தலைவரல்ல, வடம் இழுக்கிறவர்கள் என்பது உறைத்தது. அடுத்தநாள் அவரிடம் ஏலாது என்று சொன்னேன். அவர் கதிரையிலிருந்து எழும்பினார். "அந்தக் கிணத்தை நீர் இன்னும் விடேல்லை."

முக்காலியும் மணலும்

நான் வாதாடவில்லை. மருமகனையும் கூட்டிக்கொண்டு மாலையில் வரச்சொன்னேன். வந்தார்கள். சிறகுகளைக் குழாயில் பூட்டி, தலைகீழாகப் புரட்டி, நடுவை முக்காலியில் வைத்துக் கட்டினேன். இரண்டு பக்கமும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றன. பூவோடு சேர்த்து விமானம் இரண்டு கிலோ. திரும்பும்போது நாலு மடங்கு என்றால் எட்டுக் கிலோ. கிலோ கிலோவாகக் கட்டிய மணல் பைகளை இரண்டு சிறகிலும் மாறிமாறி வைத்துக்கொண்டு போனேன். நாலாவது பைக்குச் சிறகு முனகியது. ஐந்தாவதுக்கு நடுமூட்டில் சடக்கென்று விட்டு, மணல் முழுவதும் தலைவரின் வேட்டிக் கரையில் கொட்டியது.

பெட்டி பிரித்த சாமானை நான் வேண்டுமென்றே உடைத்துவிட்டதாகத் தலைவர் தொடங்கினார். புதிதாகக் கட்டித்தருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். விமானம் சனத்துக்கு மேலே வரக்கூடாது. தேருக்குத் தென்மேற்கே வெறும் புல்வெளியான தரவையின் மேல் பறந்து பூவைக் கொட்டட்டும், சோளகம் பூவைத் தேருக்குக் கொண்டுபோகும். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. சுவாமிக்குப் பூப்போடுவதற்கும் என்னிடம் நிபந்தனை கேட்பதா என்றார். அதுவரை குந்தியிருந்து உடைந்த மூட்டையே பார்த்துக்கொண்டிருந்த மருமகன் எழும்பினார். "மாமா, பறக்கவிடப்போறது நான். அவர் சொல்லுறபடி செய்வம்."

தேரன்று

தூண்டில் தடி ஒன்றை அறுத்து, இரண்டு சிறகிலும் முக்கால் தூரம் போகும்படி செருகி, சரியான பசையால் ஒட்டினேன். பன்னிரண்டு பை மணலுக்கும் அது அசையவில்லை. தேரன்று கோயிலுக்குள் போகாமல், என் வழக்கப்படி, தரவைக் கரையில் நின்றேன். வடம் பிடிக்க வந்தவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள்.

விமானம் நிலத்தைவிட்டு எழும்பியபோதே பாரமாக எழும்பியது. பக்கத்தில் நின்ற பூக்கட்டுகிறவரிடம் விசாரித்தேன். விடிய நாலு மணிக்குச் செடியிலிருந்து ஆய்ந்த பூ வாடக்கூடாது என்று நன்றாகத் தண்ணீர் தெளித்து நிரப்பினாராம். கோயிலுக்குக் கொடுக்கும் பூவை வேறு எப்படிக் கொடுப்பது? நான் கணக்குப் போட்டது ஈரமில்லாத பூவுக்கு. மருமகன் தரவையின் முடிவில் திருப்பியபோது இரண்டு சிறகும் வில்லாக வளைந்தன. வாய்க்குள் எதையோ சொன்னேன், அது கோரிக்கையா பிரார்த்தனையா என்று கேட்காதீர்கள். சிறகு நிமிர்ந்தது. கதவு திறந்தது. நனைந்த பூ உதிராமல், கட்டி கட்டியாக நேரே தரவையில் விழுந்தது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் கூடிவந்து சாமந்திப் பூ தின்றன. ஏழெட்டு இதழ் மட்டும் காற்றில் தேர்ப்பக்கம் போனது. சனம் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, வடத்தை இழுத்துக்கொண்டு போனது.

தேர் இருப்புக்குத் திரும்பி வந்தபிறகு தலைவர் தரவையைக் கடந்து என்னிடம் வந்தார். மேலெல்லாம் வியர்வை. "சிறகும் உடையேல்லை, பூவும் தேரிலை விழேல்லை. நீர் நினைச்சது நடந்திட்டுது, என்ன?"

தோழர்களே, நம் தொழிலில் உடைந்தால் திருத்தினவன் பிழை, உடையாவிட்டால் பயமுறுத்தினவன் பிழை, முழுத் தலையோடு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ற அத்தனை பேரையும் எண்ணிப் பார்க்கிற வேலையும் திருத்தினவன் தலையிலேயே விழுகிறது.