மேட் பாலிஷ் உரிந்த ஞாயிற்றுக்கிழமை

என் கணவரின் அக்காவுக்குப் பத்து விரலும் பத்து நிறத்தில் இருக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நெயில் பாலிஷ் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் அவருக்கு வேலை. முதல் ஏழு வருடம் பாட்டிலில் நிரப்பும் மேசையில் நின்றார். அந்த வாடையில் தினமும் தலைவலி. வீட்டுக்கு வந்ததும் நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். நான்கு வருடத்துக்கு முன்னால் முதலாளி அவரை அங்கிருந்து எடுத்து, புது நிறங்களை வீட்டில் போட்டுப் பார்த்துச் சொல்லும் வேலையைக் கொடுத்தார். அக்கா கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு கடைக்குப் போகும்.

போட்டுப் பார்ப்பது என்றால் பூசி அழகு பார்ப்பது இல்லை. ஒரு கையில் பளபளப்பு, ஒரு கையில் ஜிகினா என்று பூசிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பார், துணி பிழிவார், வெங்காயம் உரிப்பார். எத்தனை நிமிடத்தில் காய்ந்தது, எத்தனையாவது நாள் நுனி தேய்ந்தது என்று நோட்டில் எழுதுவார்.

"பாத்திரம் தேய்க்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு எங்கக்காதான்" என்பார் என் கணவர்.

"நீயும் பூசிக்கிட்டு வாடா, உனக்கும் வாங்கித் தர்றேன்."

போன மாதம் மேட் பாலிஷ் வந்தது. பளபளப்பே இருக்காது. நகத்தில் சாக்பீஸால் தீட்டியது மாதிரி இருக்கும். முதலில் வந்த மாதிரி பாட்டிலை அக்கா ஐந்து நாள் போட்டுப் பார்த்தார். கொஞ்சமும் அசையவில்லை. கையெழுத்துப் போட்டார். கம்பெனியில் நிறம் கலக்குபவர் அதே கலவையைப் பெரிய டிரம்மில் கலக்கினார், சரக்கு கடைக்குப் போனது. இரண்டே வாரத்தில் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. காலையில் பூசினால் மாலைக்குள் தோல் மாதிரி உரிகிறதாம்.

"மாதிரி நல்லா இருந்துச்சு, டிரம் சரக்கு உரியுது. அப்போ கலக்குனதுதான் தப்பு" என்றார் முதலாளி. வெள்ளிக்கிழமையே கலக்குபவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்படியே எழுதிய தாளில் அக்காவின் கையெழுத்து மட்டும் வேண்டும், அதற்காக ஞாயிறு நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மாதிரி பாட்டிலையும் திரும்பி வந்த ஒரு பாட்டிலையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இடது கையில் அது, வலது கையில் இது. சனிக்கிழமை முழுக்கத் தேய்த்தார், துவைத்தார். ஞாயிறு மதியம் வரை இரண்டு கையிலும் ஒரு கீறல் இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்டி" என்றார் என்னிடம். "அந்த மனுஷன் சரியாத்தான் கலக்கியிருக்காரு. அப்புறம் ஏன் ஊரெல்லாம் உரியுது?"

காலையில் அந்த நிறம் பிடித்துப்போய், மாதிரி பாட்டிலிலிருந்து என் இரண்டு விரலில் பூசியிருந்தேன். சற்று முன் பாத்திரம் கழுவும்போது ஒரு நகத்துப் பூச்சு முழுசாகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

"கையை ஏன் மறைக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா."

"காட்டுடி."

காட்டினேன். அடுத்த விரலில் இருந்ததை அவர் நகத்தால் லேசாக நெம்பினார். அதுவும் அப்படியே வந்தது.

"எந்தப் பாட்டில்?"

"மாதிரி."

"பூசுறதுக்கு முன்னாடி என்ன பண்ணே?"

"எதுவும் பண்ணல. அப்படியே பூசினேன். நீங்கதான் பஞ்சுல துடைச்சிட்டுப் பூசுவீங்க."

அக்கா தன் கையைப் பார்த்தார். கம்பெனியில் எல்லார் விரலிலும் எப்போதும் நிறம் ஒட்டியிருக்கும். ரிமூவரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் எதையும் தொடுவார்கள். பதினோரு வருடப் பழக்கம். அதையும் பூசும் வேலையில் ஒன்றாக அவர் நினைத்ததே இல்லை, நோட்டில் எழுதியதும் இல்லை. ரிமூவர் நகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும், பூச்சு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பளபளப்பு வகை துடைக்காத நகத்திலும் ஒட்டியது. மேட்தான் காட்டிக்கொடுத்தது.

மணி இரண்டே கால். என் ஆள்காட்டி விரலைத் துடைத்தும் நடுவிரலைத் துடைக்காமலும் அதே மாதிரி பாட்டிலிலிருந்து பூசினார். காய்ந்ததும் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவச் சொன்னார்.

"என்ன, வீட்ல விருந்தா?" என்று எட்டிப் பார்த்த என் கணவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நல்லா அழுத்தித் தேய்" என்றார் அக்கா. அடுத்த நிமிடமே, "போதும், விடு" என்றார். பிறகு அவரே, "இல்ல, தேய்."

மூன்றே முக்காலுக்கு நடுவிரலில் ஓரம் தூக்கியது. ஆள்காட்டி விரல் அப்படியே இருந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. முதலாளி அக்காவின் கையைத்தான் பார்ப்பார், என் கையை யார் கேட்கப்போகிறார்கள்? அடுப்படியில் இருந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அக்கா நிரப்பும் மேசைக்குத் திரும்பிப் போனால் அந்தத் தலைவலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஈரத்துணியைப் பிழிந்து கொடுத்தவள் நான்.

முதலாளி சரியாக நான்கு மணிக்கு வந்தார். உட்காரும் முன்பே தாளை மேசையில் வைத்தார்.

"போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்." அக்கா என்னைக் கூப்பிட்டார். "இங்க வாம்மா."

நான் அடுப்படி வாசலிலேயே நின்றேன். அவரே வந்து என் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப்போய், கையை அந்தத் தாளின் மேல் வைத்தார். நடுவிரலில் இருந்ததை முதலாளி கண்ணெதிரே உரித்தார்.

"டிரம் சரக்குதானே?"

"மாதிரி, சார். நான் கையெழுத்துப் போட்டது. நான் ரிமூவர்ல துடைச்சிட்டுப் பூசியிருக்கேன். வாங்குறவங்க துடைக்க மாட்டாங்க. கலவையைச் சரியாத்தான் கலக்கியிருக்காரு. தப்பு என்னோடது."

"நாலு வருஷமாவா?"

"நாலு வருஷமா."

முதலாளி என் விரலையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வலது காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நாளைக்கு அவரை வரச் சொல்லுங்க. நீங்க பழையபடி நிரப்புற மேசையில நில்லுங்க. அப்புறம் பாக்கலாம்." நீட்டிய தண்ணீரை வாங்காமல் படியிறங்கினார்.

அக்கா அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, கலக்குபவருக்குப் போன் செய்தார். பக்கத்தில் இருந்ததால் அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"வேலைக்கு வரணுமாம்மா, இல்ல கணக்கு முடிச்சிட்டுப் போக வரணுமா?"

"வேலைக்குத்தாங்க" என்றார் அக்கா. "எட்டு மணிக்கே வந்துருங்க. நானும் சீக்கிரம் வரணும். நிரப்புற மேசையில இடம் பிடிக்கணும், ஜன்னல் பக்கமா."