பொந்தியானில் கடல் பார்த்த ஞாயிறுகள்

சென்ற வாரம் ஜொகூர் பாருவில் பல் வைத்தியரிடம் சென்று திரும்புகையில், ஒரு வெல்டிங் பட்டறையின் வாசலில் என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. கார்பைட் நெடி. பூண்டை அழுகவிட்டு நசுக்கினாற்போன்ற அந்த நாற்றத்தை நாகரிகமுள்ள எவரும் விரும்பமாட்டார். நானும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன், ஆனால் நகரவில்லை. பட்டறைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மயக்கம் வந்த கிழவன் என்று நினைத்திருக்க வேண்டும்.

நண்பரே, நான் இளைஞனாயிருந்த நாளில் சைக்கிள் விளக்கு இந்த நெடியோடுதான் எரிந்தது. கீழே கார்பைட் கட்டி, மேலே தண்ணீர். சொட்டுச் சொட்டாக விழ, வாயு கிளம்பி, வெள்ளைச் சுடர் பிறக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஸ்கூடாய் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் பெரிய கிராணி, அதாவது தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர். சென்னையில் கல்லூரிப் படிப்பு முடித்துக் கப்பலேறியவன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. அந்த வட்டாரத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய இன்னொருவர் இருந்ததாக எனக்குத் தெரியாது. பெருமையாகத்தான் இருந்தது. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

துரையின் பங்களாவில் எனக்கு நாற்காலி கிடையாது. தொழிலாளர் குடியிருப்பு லயங்களிலோ நாற்காலி உடனே வந்துவிடும். ஆனால் அதைப் போட்டுவிட்டு அனைவரும் எழுந்து நிற்பார்கள். நின்றுகொண்டிருப்பவர்களோடு எவ்வளவு நேரம் பேச முடியும்? ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் விளக்கை ஏற்றிக்கொண்டு பொந்தியானுக்குப் புறப்பட்டுவிடுவேன். முப்பது மைலுக்குக் குறையாத வழி. போவது கடல் பார்க்க. வேறு காரியம் எதுவும் இல்லை.

சாலை செம்மண் சாலை. முதலில் ரப்பர் மரங்களின் இருட்டு. அதற்குள் என் விளக்கொளி மட்டும் ஓர் அறையைப் போல என்னுடனேயே நகர்ந்து வரும். வெளிச்சம் வந்ததும் விளக்கை அணைப்பேன். அந்த நெடி போய் ஈர இலையின் வாசனை வரும். பெக்கான் நானாஸை நெருங்க நெருங்க, அன்னாசிப் பழத்தின் இனிப்பும் புளிப்பும் காற்றிலேயே நாவில் படும். இருபுறமும் வாய்க்கால்களில் தேயிலைச் சாயம் போன்ற கறுத்த நீர். அதில் மேகங்கள், வானத்தில் இருப்பதைவிடத் தெளிவாகத் தெரியும். பிறகு தென்னைகள். பிறகு, கண்ணுக்குத் தெரியுமுன்பே, உதட்டில் உப்பு.

இந்த வழி முழுவதும் நான் கோட்டு அணிந்தே சென்றதாகத் தோட்டத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை நான் மறுத்ததில்லை. உண்மையில் தோட்ட எல்லை தாண்டியதும் கோட்டு கழன்று பின்சீட்டில் ஏறிவிடும். பொந்தியானின் முதல் வீடு தெரிந்ததும் மறுபடி என் முதுகுக்கு வந்துவிடும். கடலுக்குமுன் கோட்டில்லாமல் நிற்பதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். கடலைச் சுற்றி மனிதர்களும் இருந்தார்களே.

தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்திய மருத்துவ உதவியாளரான டிரெஸர் ஒருவர்தான் என்னிடம் கேலி பேசத் துணிந்தவர். ஒருநாள் கேட்டார்:

"கிராணியாரே, பொந்தியான்ல யாரு?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாத ஊருக்கு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டா போவாங்க?"

இந்தக் கேள்வியைத் தோட்டம் முழுவதும் எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. பதிலையும் அதுவே கண்டுபிடித்துக்கொண்டது. பொந்தியானில் எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். மலாய்க் கம்பத்து, அதாவது கிராமத்து, பெண் என்றனர் சிலர். சீனத்தி என்றனர் வேறு சிலர். நான் அவளுக்கு வெள்ளிக் காப்பு வாங்கிப் போனதைக் கண்ணால் கண்ட சாட்சிகூட ஒருவன் இருந்தான். அது புதிதாக வாங்கிய சைக்கிள் மணி.

இதற்கெல்லாம் நான் விளக்கம் அளிக்கவில்லை. ஒருவன் தான் கடல் பார்ப்பதற்குப் பிறரிடம் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன் என்பது என் கருத்து, இன்றும் அதுவே. ஆனால் அப்போது டிரெஸரின் முயற்சியில் எனக்கொரு சம்பந்தம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஜொகூர் பாருவில் துணிக்கடை வைத்திருந்த முத்தையா என்பவருடைய அக்காள் மகள். ஒருமுறை சம்பிரதாயமாகப் பார்த்திருந்தேன். பெயரை இங்கே எழுதுவது முறையன்று. அந்தச் சம்பந்தம் கூடிவர வேண்டுமென்று விரும்பினேன். இதற்கு மேல் எழுதுவது என் வயதுக்கு அழகன்று.

வதந்தி துணிக்கடை வரை போயிற்று. முத்தையா ஒரு சனிக்கிழமை மாலை, இரவல் சைக்கிளோடு லாரியில் வந்து இறங்கினார். கனத்த சரீரம், சிரித்த முகம்.

"தம்பி, நாளைக்கு நானும் வர்றேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. ஒரு தடவ பாத்துட்டா எங்களுக்கும் நிம்மதி."

"தாராளமா வாங்க" என்றேன். மனத்தளவில் எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. அந்தச் சாலையில் என் விளக்கொளிக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரம் உருண்டது அன்று மட்டும்தான்.

பாவம், மனிதர் மேட்டுக்கு மேடு இறங்கி உருட்டினார். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்பார். வாய்க்கால் நீரில் மேகத்தைக் காட்டினேன். "இதுல மீன் இருக்குமா?" என்றார். பெக்கான் நானாஸில் பழம் வாங்கிக் கொடுத்தேன். அதில் சற்று உயிர் வந்தது.

பொந்தியானை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. அலை உள்வாங்கிய வேளை. கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. சேற்றில் துள்ளும் சிறு மீன்கள், நடக்கும் கொக்குகள். எங்கோ ஓரத்தில் ஒரு வெள்ளிக் கோடு; அதற்கப்பால் பீசாங் தீவு, நீலப் புகையாக.

"கடல் எங்க தம்பி?"

"உள்வாங்கியிருக்கு. சாயங்காலம் வந்துரும்."

"அப்ப இப்ப எதப் பாக்குறது?"

"இதத்தான்."

அவர் சேற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தெருவின் இரு முனைகளையும், எதிர்ச்சாரி வீடுகளின் சன்னல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்தச் சன்னலும் திறக்கவில்லை.

"அலமாக்! நெசமாவே அவ்வளவுதானா?"

அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றம். என் நடத்தை ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்று அவர் கண்ணாரக் கண்டாயிற்று. நான் நிமிர்ந்து நின்றேன். திரும்பும்போது அவர் அன்னாசி லாரி ஒன்றில் சைக்கிளோடு ஏறிக்கொண்டார். லாரி என்னைக் கடக்கையில் பழக்குவியல் மேலிருந்து கையசைத்தார். அதன் புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு, மிச்ச வழியைத் தனியே மிதித்தேன்.

அந்த வாரமே டிரெஸர் வந்தார். உட்காரவில்லை.

"சம்பந்தம் சரிப்படலைங்க, கிராணியாரே. பொம்பள ஒருத்தி இருந்திருந்தாக்கூட கலியாணத்துக்கப்புறம் சரியாப் போயிடும்னு விட்டிருப்பாங்களாம். ஒண்ணுமே இல்லாம அவ்வளவு தூரம் சேத்தப் பாக்கப் போறவருக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறதுன்னு கேக்குறாங்க. புத்தி சுவாதீனமான்னு முத்தையா எங்கிட்டயே கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் டிரெஸர்தானே. டாக்டரா?"

சில ஆண்டுகள் கழித்து ஒரு திருமண விருந்தில் முத்தையா என் பக்கத்து இலையில் அமர்ந்தார். அந்தப் பெண்ணை அதற்குள் ஈப்போவில் கொடுத்திருந்தார்கள். அவர் என்மீது அன்புடையவர்தான். பழைய வேடிக்கையை எடுத்தார்.

"அன்னைக்கு நான் போயி நடந்ததச் சொன்னேன் தம்பி. வீடே சிரிக்குது. அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. உள்ளேருந்து வந்து, 'கடல் எப்படி மாமா இருந்துச்சு?'ன்னு கேட்டுச்சு, பாத்துக்குங்க!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாங்க போன நேரம் கடல் வீட்டுல இல்லம்மான்னேன்!"

இலைவரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்ததாக நினைவு. பாயசம் வந்தது. வேண்டாமென்று இலையை மடித்தேன்.

முத்தையா இன்றில்லை, டிரெஸரும் இல்லை. சாலையைத் தார் போட்டு நிமிர்த்திவிட்டார்கள். வாய்க்காலோரம் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. மேகம் விழ இடமில்லை. பொந்தியானில் கரையை உயர்த்திக் கல் கட்டியிருப்பதாகக் கேள்வி. பேருந்தில் போய்ப் பார்க்கலாமே என்கிறார்கள் வீட்டுக்கு வருகிறவர்கள். பார்க்கலாம்தான். பார்த்துவிட்டுத் திரும்பினால், போக வர எவ்வளவு நேரம் பிடித்தது, பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்பார்கள். கடல் எப்படி இருந்தது என்று அந்தப் பெண்ணுக்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.