இலையைக் கட்டிய காலிஃபிளவர்

எட்டாவதோடு படிப்பை விட்டதிலிருந்து நான் எந்த ஊரிலும் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து வந்தபோதும் பேச ஆளில்லை. பனிக்கு நன்றாக வரும் என்றார்களே என்று, வாடகை அறைக்கு மேலே மொட்டை மாடியில் பெயிண்ட் வாளிகளில் காலிஃபிளவர் வைத்தேன். மார்கழியில் இரண்டு செடிகள் மட்டும் பூ வைத்தன. ஷிப்ட் முடிந்து வந்தால் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன்.

ஒருநாள் வந்து பார்த்தால், பெரிய செடியின் இலைகளை மேலே கூட்டி யாரோ சணலால் கட்டியிருந்தார்கள். பூவே தெரியவில்லை.

"நான்தான் தம்பி கட்டுனேன்" என்றார், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து அறை அக்கா.

"செடி மூச்சு முட்டிச் சாகட்டும்னா? உங்கள யாரு தொடச் சொன்னது?"

அவர் மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் சணலை அவிழ்த்தேன். அன்று முழுக்க நான் இன்னொரு மனிதரிடம் பேசியது அவ்வளவுதான்.

சில நாள் வெயிலில் பூ மஞ்சளடித்துவிட்டது. சந்தையில் காய்க்காரரிடம் கேட்டேன்.

"எலைய மூடிக் கட்டலயா? கட்டுனாத்தான வெள்ளையா இருக்கும்!"

கேட்காமல் எனக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. செய்தபோது அது உதவி என்று எனக்குத் தெரியவில்லை.

சின்னப் பூ மிச்சமிருந்தது. அதை நானே கட்டியிருக்கலாம். ஆனாலும் சணலோடு போய் அக்காவின் கதவைத் தட்டினேன்.

"கட்டிக் குடுங்கக்கா."

"ஏன், இது மூச்சு முட்டிச் சாகாதா?" என்று கேட்டுக்கொண்டே அவர் மாடிப்படி ஏறினார்.

அடுத்த பனிக்கும் இந்த ஊரிலேயே இருக்கலாம் என்று அப்போதுதான் நினைத்தேன்.