பக்கத்துக் கட்டிலுக்குப் பாதி மருந்து

"டாக்டரு பேசுற இங்கிலீஷ் வேற, உன் ஸ்கூல் இங்கிலீஷ் வேற லா. எல்லாம் புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டு, எங்கக்காவ எதிலயாவது மாட்டி விட்டுடாத."

மாமா இதைச் சொன்னது ஆஸ்பத்திரி நடைகூடத்தில், போவோர் வருவோர் காதுபட. அவர் லோரி ஓட்டுகிறவர். மெல்லப் பேச வராது. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவம் (பள்ளி இறுதி வகுப்பு) வரை படித்த முதல் ஆள் நான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். எனக்குப் புரியாத இங்கிலீஷா என்று நினைத்துக்கொண்டே வார்டுக்குள் போனேன்.

அம்மா கட்டில் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் இந்த நோய் உள்ளவர் இருந்தால், அந்த உட்காரும் விதத்தைச் சொன்னாலே புரிந்துவிடும்.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (மூச்சுக்குழல்கள் சுருங்கிப்போய், உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராத நிலை). இதில் சில வாரங்கள் சும்மா போகும். பிறகு திடீரென்று சளி நிறம் மாறும், இருமல் ஏறும், வாளியைத் தூக்கினால் பேச்சு நின்றுவிடும். அதுதான் நோய் தீவிரமாகும் கட்டம். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் நுரையீரலைத் தன்னோடு கொண்டுபோய்விடுகிறது என்றார் டாக்டர்.

எனக்கு இந்த நோயே வெட்கமாக இருந்தது. கிள்ளான் பஸ்ஸில் அம்மா இருமத் தொடங்கினால் பக்கத்து இருக்கை காலியாகும். காசநோய் என்று நினைப்பார்கள். இல்லை என்று எழுந்து நின்று சொல்லவா முடியும்? முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, அதிகம் சிரிக்காதவர். அம்மா புகை பிடிப்பாரா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா தோட்டத்துப் புகைக்கூடத்தில் (ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் கொட்டகை) பல வருஷம் வேலை செய்ததை நான் நல்ல ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது, கேள்வி புரிந்துவிட்ட அம்மா, சுருட்டு உண்டு டாக்டர், கொஞ்சம் கொஞ்சம் என்று மலாயில் தானே சொல்லிவிட்டார். என் காது சுட்டது. டாக்டர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகுதான் ஆராய்ச்சி பற்றிச் சொன்னார். தீவிரமாகும் கட்டத்தில் ஸ்டீராய்டு மாத்திரை (மூச்சுக்குழலின் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) கொடுத்தால் நோயாளி சீக்கிரம் தேறுகிறாரா என்று பார்க்கிறார்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு: நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் கருவி), கிருமிக்கான மருந்து. அதற்கு மேல் ஒரு மாத்திரைப் புட்டி. சிலர் புட்டியில் ஸ்டீராய்டு, சிலர் புட்டியில் அதே நிறத்தில், அதே அளவில், மருந்தில்லாத வெறும் மாத்திரை. எது யாருக்கு என்று டாக்டருக்கும் தெரியாது. மருந்தகத்துக்கு மட்டும் தெரியும். விருப்பமில்லை என்றால் சேர வேண்டாம்.

அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். எதையும் விடவில்லை. வெறும் மாத்திரை கிடைத்தாலும் கிடைக்கலாம் என்பதை இரண்டு தரம் சொன்னேன். அம்மா தலையாட்டிக் கைநாட்டு வைத்தார். நன்றாகச் சொன்னீர்கள் போலிருக்கிறது என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். அன்று நடைகூடத்தில் மாமாவைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் மாக்சிக் (மலாயில் வயதான பெண்களை அழைக்கும் முறைச்சொல்) ஜைனாப் என்ற மலாய் அம்மாள். தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரைச் சேர்ந்தவர். அவருக்கும் அதே நோய், அதே ஆராய்ச்சி, அதே போன்ற புட்டி. மூச்சு கொஞ்சம் இறங்கியதும் இருவரும் மலாயில் பேசத் தொடங்கிவிட்டார்கள். இடையிடையே இருவரும் நின்று மூச்சு வாங்குவதால் யாருக்கும் அவசரமில்லை.

சனிக்கிழமை காலை நான் மைலோ கரைத்து எடுத்துப் போனேன். காலையில் இரண்டு மாத்திரை விழுங்க வேண்டும். அம்மா தன் புட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, இன்னொன்றை மாக்சிக்கிடம் நீட்டினார். மாக்சிக் தன் புட்டியிலிருந்து ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார். பலகாரத் தட்டு மாற்றிக்கொள்வது போல அத்தனை இயல்பாக. பிறகு இருவரும் விழுங்கினார்கள்.

என்னம்மா இது என்றேன்.

"நீதானே சொன்ன பாப்பா, ஒருத்தருக்கு நெசம், ஒருத்தருக்குச் சும்மான்னு. எது யாருக்குன்னு அந்த டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். அதான் கலந்துகிட்டோம். யாருக்கு நெசம் வந்தாலும் ஆளுக்குப் பாதி."

முதல் நாளிலிருந்தே இப்படித்தானாம். என் விளக்கத்தில் பிழையே இல்லை. அம்மாவுக்கு முழுக்கப் புரிந்திருந்தது. புரிந்ததால்தான் செய்தார்.

சொல்லிவிடுவேன் என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாத. அவங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மகன் கடலுக்குப் போறவன், பாத்துக்க யாரும் இல்ல."

எனக்கு மாக்சிக்கைப் பற்றிய கவலை இல்லை. டாக்டரின் முகம்தான் கண்ணில் நின்றது. எவ்வளவு அழகாக விளக்கினேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். தோட்டத்து ஜனங்களிடம் சொன்னால் இப்படித்தான் என்று நினைப்பார். ஞாயிறு முழுவதும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் அம்மாவை ஊதச் சொன்னார் (ஒரு சிறு குழாயில் வேகமாக ஊதினால், மூச்சின் பலத்தை அதிலுள்ள முள் காட்டும்). முள் முந்தைய இடத்தைத் தாண்டவில்லை. டாக்டர் முகம் சுருங்கியது. வேறு ஏதோ கிருமியோ, இதயமோ என்று யோசிக்க வேண்டும், இன்னும் கடுமையான மருந்துக்குப் போக வேண்டியிருக்கலாம் என்றார். அம்மாவின் கைகள் மறுபடி கட்டிலை அழுத்திக்கொண்டிருந்தன. இனி என் வெட்கத்துக்கு அவர் மூச்சைக் கொடுக்க முடியாது.

சொன்னேன். ஆங்கிலத்தில்தான் தொடங்கினேன், பாதியில் வார்த்தை வரவில்லை. மலாயில் முடித்தேன்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பக்கத்துப் பக்கத்தில் போட்டது நாங்கள்தான்" என்றார். பிறகு மருந்தகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார்.

ஸ்டீராய்டு அம்மாவின் புட்டியில்தான் இருந்தது. மாக்சிக்குக்குக் கிடைத்தது வெறும் மாத்திரை.

அதைத் தமிழில் சொன்னேன். அம்மா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். "நல்லவேளை," என்றார். "பாதியாச்சும் அவங்களுக்குப் போச்சே."

எனக்கு ஆத்திரமாக வந்தது. உங்கள் மூச்சில் பாதியல்லவா போனது என்று கத்த வேண்டும் போலிருந்தது. மாக்சிக் எங்கள் பேச்சு புரியாமல், ஆனால் எல்லாம் புரிந்தவர் போல, போர்வையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். அவர் இருக்கும்போது அப்படி நினைத்தேனே என்று அடுத்த நொடியே கூசியது. அந்த இரண்டு உணர்ச்சிகளும் இன்றுவரை ஒன்றை ஒன்று வெல்லவில்லை.

இருவரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இருவருக்கும் ஸ்டீராய்டை வெளிப்படையாக, முழு அளவில் கொடுத்தார்கள். அம்மா தேறினார். பாதி மருந்தால்தான் தாமதமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது, அதைக் கண்டுபிடிக்கத்தானே ஆராய்ச்சி, அதில் இப்போது இரண்டு பேர் குறைவு என்றார். நாளை இதே நோயோடு வரும் மூன்றாவது ஆளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமலிருப்பது எப்படிப்பட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். சுருட்டு இல்லை. குளியலறைக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு தடவை நிற்பார், நானும் நிற்பேன். முன்பெல்லாம் அவர் சொல்ல வருவதை நானே சொல்லி முடித்துவிடுவேன். இப்போது ஒரு வாக்கியம் எவ்வளவு நீளம் என்பதை அவர் மூச்சு தீர்மானிக்கிறது. சில சமயம் நான் தனியாக இருக்கும்போதே என் மூச்சு உள்ளே போய் வெளியே வருவது கேட்கிறது. இத்தனை வருஷம் அது கேட்டதில்லை.

வீடு திரும்பும் நாளில் டாக்டர் என்னிடம் ஒன்று கேட்டார். தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிகளுக்கு இந்த ஆராய்ச்சியை விளக்க சனிக்கிழமைகளில் வர முடியுமா? கலக்கக் கூடாது என்பதையும், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வார்டுக்குள் மறுபடி எந்த முகத்தோடு நுழைவது என்று தயங்கி, அலுவலகத்தில் வேலை அதிகம் என்றேன்.

போன சனிக்கிழமை போனேன்.

கேரி தீவிலிருந்து வந்த ஒருவர், செம்பனைத் தோட்டத்து (எண்ணெய்ப் பனை) வேலைக்காரர், கட்டில் விளிம்பில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். வெறும் மாத்திரை என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"நீ இத... நல்லா சொல்ற தங்கச்சி," என்றார். மூச்சு வாங்கினார். நான் காத்திருந்தேன். "உங்க வீட்ல... யாராச்சும்... இதுல சேந்திருக்காங்களா?"

டாக்டர் இரண்டு கட்டில் தள்ளி நின்றிருந்தார். நாற்காலியை கேரி தீவுக்காரர் அருகே இழுத்துப் போட்டேன்.

"எங்கம்மா சேந்தாங்கண்ணே," என்றேன். "சேந்து, அவங்க மாத்திரைய பக்கத்துக் கட்டில்காரங்களோட பாதி பாதியா மாத்திக்கிட்டாங்க."