மூன்றெழுத்துக்கு வந்த அழைப்பு

அண்ணியின் அக்கா திருச்சியிலிருந்து தமிழ் வார இதழ்களைக் கட்டாகக் கட்டி அனுப்புவார். அண்ணி முதலில் திறப்பது குறுக்கெழுத்துப் பக்கத்தைத்தான். ஊரில் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். அண்ணனோடு வந்த விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. கார் ஓட்டவும் தெரியாது. ஃப்ரீமான்ட்டில் மாடி அபார்ட்மென்ட் ஒன்றில் பகல் முழுவதும் தனியாக இருந்தார். அண்ணனுக்கோ மாதத்தில் பாதி நாள் டெக்சாஸில் வேலை. பிடிபடாத குறிப்பு வந்தால் அண்ணி பக்கத்து ஊரான சான்டா கிளாராவில் இருந்த என் அலுவலகத்துக்கு போன் செய்வார். தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கும் அந்த விளையாட்டு பிடித்திருந்தது.

அன்று காலைதான் அண்ணன் டாலஸுக்குக் கிளம்பியிருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு போன் அடித்தது.

"தம்பி, பிஸியா இருக்கீங்களா?"

"நாலு மணிக்கு ஒரு டெமோ அண்ணி. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, ஒரு க்ளூ. 'கடலின் தொடக்கத்திலேயே வலை, நிம்மதி போயிற்று.' மூணு எழுத்து."

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே "புயல்" என்றேன்.

"அதுல வலை எங்க தம்பி வருது?"

படகு என்றேன், சுழல் என்றேன். ஒன்றும் பொருந்தவில்லை. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன். "அப்புறம் பாக்கலாமா அண்ணி?" என்ற என் குரலில் எரிச்சல் இருந்தது. "சரி தம்பி, வேலையப் பாருங்க" என்றவர் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

டெமோ முடிந்து காபியோடு நடந்தபோது விடை வந்தது. கடலையே நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. அந்தச் சொல்லின் முதல் எழுத்தைத்தான் எடுக்க வேண்டும். 'க'. அதோடு வலை. கவலை! உற்சாகமாகக் கூப்பிட்டேன். மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது. எங்கும் போகாதவர் எங்கே போயிருப்பார்? ஃப்ரீவே நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். பக்கத்து வீட்டு பிலிப்பினோக்காரர் அண்ணி வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்து, தன் மனைவி அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பதாகவும் மாற்றுத்துணி வேண்டுமென்றும் சொன்னார்.

சாப்பாட்டு மேஜையில் இதழ் விரிந்து கிடந்தது. கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. 'கவலை'யும் அந்த முத்து முத்தான கையெழுத்தில் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. விடை தெரியாமல் அவர் என்னைக் கூப்பிடவில்லை.

நான்கு மாதக் கரு தங்கவில்லை. மதியத்திலிருந்தே உதிரப்போக்கு இருந்திருக்கிறது. மறுநாள் காலை வந்த அண்ணன் கட்டிலருகே நின்று கேட்டார்: "பக்கத்துலதானேடா இருந்த? உனக்கு ஒரு போன்கூட பண்ணலையா இவ?"

"இல்ல" என்றேன்.

அண்ணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் அந்த 'இல்ல' என்ற ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு சனிக்கிழமை, அண்ணன் துணி துவைக்கக் கீழே போயிருந்தபோது கேட்டேன்: "ஏன் அண்ணி அன்னைக்கு என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் கூப்பிட்டேன் தம்பி. இந்த மாதிரி விஷயத்த உங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. பேச்சு நீண்டா சொல்லிடலாம்னு நெனச்சேன்." குரலில் குற்றச்சாட்டே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இறங்கிப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். ஈரத்துணிக் கூடையைத் தரையில் வைத்தார்.

"நான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறப்போ கதவுகிட்ட வந்து நின்னா. முகமே சரியில்ல. ஃப்ளைட்டுக்கு லேட்டாச்சுன்னு நானும் என்னன்னு கேக்கலடா."

மாடியில் அண்ணி எங்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தார். யார் முதலில் படியேறுவது என்று தெரியாமல் இருவரும் அங்கேயே நின்றோம்.