சாய்ந்து நிற்கும் ஏணி எழுத்து

எங்கள் விதைநெல் சாக்கில் ஓர் இங்கிலீஷ் எழுத்து இருக்கும். தடித்த எழுத்து, வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். மேலேயும் கீழேயும் செங்கல் வைத்தாற்போல் சதுரப் பாதங்கள். ஏணியில் ஒரே ஒரு படியை மட்டும் விட்டு வெட்டியெடுத்துச் சாய்த்து வைத்த மாதிரி. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள், தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஓர் எழுத்து எப்படி நிற்கிறது என்று பார்க்க எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். டிராக்டருக்கும் லாரிக்கும் எழுதுகிற பெயின்டரிடம் போய், சாக்குக்கு அடையாளத் தகடு வெட்டித் தரச் சொன்னேன். தகட்டைச் சாக்கின் மேல் வைத்துக் கறுப்பு மை ஒற்றினால் எழுத்து விழும். அவர் மாதிரி நோட்டைப் புரட்டிக் காட்டினார். மெலிந்த எழுத்து, சுழித்த எழுத்து, கல்யாணப் பத்திரிகை எழுத்து. ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இது இருந்தது.

“அம்மா, இது ஓடுற வண்டிக்குப் போடுறது. லாரி, டிராக்டர், அப்புறம் கபடி பசங்க பனியன். விதை மூட்டைக்கு எதுக்கு?”

“மூட்டையும் ஊர் ஊராப் போயிட்டுத்தானே வருது? இதையே வெட்டுங்க.”

“பேரோட முதல் எழுத்து எதுன்னு சொல்லுங்க.”

“பேரை விடுங்க. இதுல எது நல்லா நிக்குதோ அதை வெட்டுங்க.”

வயிற்றில் ஓட்டை உள்ள எழுத்து மட்டும் வேண்டாம், வெட்டினால் நடுத்துண்டு விழுந்துவிடும் என்றார். நான் ஏணியைத் தொட்டுக் காட்டினேன்.

வீட்டில் மருமகள் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அத்தை, நம்ம வீட்டுல ஒருத்தர் பேரும் இந்த எழுத்துல ஆரம்பிக்கலையே!”

“சிரி, சிரி. பேனாவுல பேர் எழுதின சாக்கை நாலு தடவை தூக்கிப் போட்டா பேரும் இருக்காது, ஊரும் இருக்காது. இது நிக்கும் பாரு.”

சணல் சாக்கின் சங்கதி எனக்குத் தெரியும். மெல்லிய கோடு இழைக்குள் இறங்கித் தொலைந்துபோகும். தடித்த கோடுதான் தாங்கும்.

ஆவணி மாதம், மூன்று மூட்டை விதையைப் பதர் நீக்க ஒரத்தநாட்டுப் பக்கம் ஓர் இயந்திரக் கொட்டகைக்கு அனுப்பினோம். பல ஊர் மூட்டைகளும் அங்கே சேரும். திரும்பி வந்த மூன்று மூட்டையிலும் என் ஏணியைக் காணோம். அவிழ்த்துக் கையில் அள்ளினேன். குட்டையான குறுவை நெல். எங்களுடையது சம்பா.

நாற்றங்கால் உழுது, சமன் செய்து கிடக்கிறது. வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் மூன்றாம் நாள். அதற்குள் விதையை ஊறவைத்து முளைகட்ட வேண்டும். போனால் போகிறதென்று குறுவை நெல்லை விதைத்தால், அது கார்த்திகை அடைமழையில் பூவெடுக்கும். பூ நனைந்தால் அத்தனையும் பதர். ஒரு வருஷச் சோறு போச்சு.

அந்த மூட்டைகளை டிராக்டரில் திருப்பி ஏற்றிவிட்டு, மருமகளின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். கொட்டகையில் கூரை முட்ட மூட்டை.

“நூறுக்கு மேல இருக்கும்மா,” என்றார் கொட்டகைக்காரர். “எழுதின பேரெல்லாம் உரசி அழிஞ்சு போச்சு. நாளைக்கு வாங்க, ஒவ்வொண்ணா அவுத்துப் பாக்கலாம்.”

நாளைக்கு வந்தால் முளைகட்ட நாள் போதாது, தண்ணீர் போய்விடுமே. வாசலில் நின்றபடியே பார்த்தேன். சிலந்திக்கால் போல் மங்கிய எழுத்துக்கள், வெறும் மைக்கறைகள். மேல் வரிசையில் ஒன்று மட்டும், இதோ கிளம்பிவிட்டேன் என்பதுபோல் முன்னால் சாய்ந்து நின்றது.

“அதோ, என் மூட்டை!”

அவர் நகரவில்லை. “நேத்து ஒருத்தர் இப்படித்தான் அடுத்தவங்க மூட்டையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. உங்களுதுன்னா, அது என்ன எழுத்துன்னு சொல்லுங்க.”

மருமகள் வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன்.

“எழுத்து பேரு எனக்குத் தெரியாது தம்பி. ஆனா கீழே வலது பாதத்துல முனை உடைஞ்சிருக்கும். தகடு அங்க நசுங்கிப் போச்சு. மூணு மூட்டையிலயும் அப்படித்தான் இருக்கும். இறக்கிப் பாருங்க.”

அதையும் அதன் பின்னால் கிடந்த இரண்டையும் இறக்கினார்கள். முதல் மூட்டையில் வலது பாத முனை உடைந்திருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது குப்புறக் கிடந்தது. புரட்டினார்கள். அதிலும் அதே உடைந்த பாதம்.

வாயை அவிழ்த்து ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தேன். நீளமான, எங்கள் சம்பா நெல். மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“தண்ணி குடிங்கம்மா,” என்று கொட்டகைக்காரர் சொம்பை நீட்டினார். “எழுத்து தெரியாதுன்னுட்டு, கால் விரல் வரைக்கும் சொல்றீங்களே!”

மூட்டைகளை டிராக்டரில் ஏற்றிவிட்டு வரும் வழியில் மருமகள் கேட்டாள். “அத்தை, அது என்ன எழுத்துன்னு இப்பவாவது சொல்லட்டுமா?”

“விதை விட்டதுக்கு அப்புறம் சொல்லு. இப்ப ரோட்டைப் பாத்து ஓட்டு.”

அன்று பொழுது சாய்வதற்குள் விதையை ஊறப்போட்டோம். மூன்றாம் நாள் சாக்கைத் திறந்தபோது ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாய் மூக்கு எட்டிப் பார்த்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. விதைத்து முடித்துக் கால் கழுவினோம். அவள் சொல்ல மறந்துவிட்டாள், நானும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தேன்.