அடங்காத நாலு முடி

தவநேசன் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தெல்தெனியவில் என் கடையில் எண்ணெய்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேசியவர் அவருடைய மனைவி சாந்தினி. மரண அறிவித்தலை அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டார். "நீங்கள் எண்டால் அவற்ர படத்தைப் பழுதாக்க விடமாட்டீங்கள்."

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தவநேசன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குண்டசாலையில் குடியிருந்தவர். கணினியில் மனித உருவங்களைச் செய்வது தொழில். தலைமுடிக்கு ஒளியும் நிழலும் கொடுப்பதில் கைதேர்ந்தவர்.

ஒருமுறை, நான் விற்கும் தலையெண்ணெய் விளம்பரத்துக்கு ஒரு பெண்ணின் உருவத்தைச் செய்து தரக் கேட்டேன். முடி மைக்கறுப்பாக, முழுக்கப் பளபளக்க வேண்டும், ஒன்றுகூடக் கலையக் கூடாது என்றேன். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். நான் விடவில்லை, கேட்டபடியே செய்து தந்தார். விளம்பரப் பலகையைக் கடையில் மாட்டிய அன்றே வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார்: "என்னாங்க மொதலாளி, இந்தப் புள்ள ஹெல்மட் போட்டிருக்கா?"

பலகையைக் கழற்றிக்கொண்டு தவநேசனிடம் திரும்பப் போனேன். அவர் சிரிக்கவில்லை. முற்றத்தில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்ற சாந்தினியைக் காட்டினார். முடியின் ஓரமெல்லாம் செம்பு நிறம்.

"பாருங்கோ முதலாளி, கறுப்பு எங்க இருக்கு? வெளிச்சம் ஒவ்வொரு மயிருக்குள்ளயும் போய் நிறம் எடுத்துக்கொண்டு வருது. பின்னால ஒரு விளக்கு வைச்சாத்தான் அது தெரியும். பறக்கிற நாலு மயிரையும் எடுத்தால் ஆளே இல்லை."

உங்கள் எண்ணெய் உண்மையில் முடியைக் கறுப்பாக்குமா என்றும் கேட்டார். வியாபாரத்துக்குச் சொல்வதுதான், சேர் என்றேன்.

"அப்ப படமாவது உண்மையா இருக்கட்டும்."

அவர் அப்படிச் செய்து தந்த இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கல்யாணத் தரகர் பெண்ணின் விலாசம் கேட்டார்.

இப்போது அச்சகத்தில் அவருடைய மரண அறிவித்தலின் முதல் பிரதியைப் பார்த்தேன். காதோர நரை இல்லை. உச்சியில் எப்போதும் எழும்பி நிற்கும் நாலு முடியும் இல்லை. தலை முழுக்க ஒரே கறுப்பு. எல்லோருக்கும் இப்படித்தான் செய்கிறோம், வீட்டுக்காரர்கள் விரும்புவார்கள் என்றார் அச்சக உரிமையாளர். ஒரு காலத்தில் நான் கேட்டதும் அதைத்தானே.

மாற்றச் சொன்னேன். "நேரமாகும்" என்றார் அவர்.

"ஆகட்டும். நரையைத் திருப்பி வைங்க. அந்த நாலு முடியையும்."

முடியும்வரை பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை குண்டசாலை வீட்டு வாசல் கேற்றில் அறிவித்தலைக் கட்டினோம். வெயில் பின்னாலிருந்து தாளுக்குள் புகுந்து வந்தது. சாந்தினி கிட்டப் போய், படத்தில் உச்சியில் நின்ற முடிகளை விரலால் படியத் தடவினார். அவை படியவில்லை.

போய் வாருங்கள், சேர்.